குளவிக்குச் சத்தம் கொடுப்பது

மலையேற வருகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் இப்போது என் பிழைப்பு. கொழும்பிலிருந்து வருவார்கள், மட்டக்களப்பிலிருந்து வருவார்கள், சில சமயம் வெள்ளைக்காரர்களும் வருவார்கள். முதுகில் பாதி ஆள் உயரத்துக்கு ஒரு பை, கையில் மடக்குக் குச்சி, பார்த்தாலே பாரமாகத் தெரியும் சப்பாத்து. நான் ரப்பர் செருப்போடு முன்னால் நடப்பேன். பத்து நிமிஷத்தில் அவர்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அதை மறைக்க என்னிடம் பேச்சுக் கொடுப்பார்கள். "அக்கா, இதுக்கு உங்க பக்கம் என்ன பேரு?" என்று எதையாவது காட்டிக் கேட்டு, நான் சொன்னதும் போனில் குறித்துக்கொள்வார்கள். போன மாதம் வந்த ஒரு பெண், மலையில் நடக்கிறவர்களுக்கு உதவும் சொற்களையெல்லாம் பட்டியல் போடப் போவதாகச் சொன்னாள். நல்ல காரியம், செய்யட்டும்.

நானும் சளைக்காமல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஆட்கள் "மலைக்குப் போறேன்" என்றால் தேயிலைக்குள் வேலைக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். உச்சியைப் பார்த்து ரசிக்க எங்களில் எவளும் போனதில்லை. பணிய என்றால் கீழே. ரோட்டு வளைந்து வளைந்து போக, அதை வெட்டிக்கொண்டு நேராக ஏறும் ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கு என்று பேர். மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத் தேயிலைக்குள் நெடுக வெட்டியிருக்கும் வாய்க்காலை நாங்கள் கான் என்போம். தெரியாமல் விழுந்தால் கால் போய்விடும், தெரிந்து படுத்தால் ஆள் இருப்பதே தெரியாது. பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டே எழுதுவார்கள்.

இந்தச் சொற்களையெல்லாம் ஒரே பகலில், அடிபட்ட உடம்போடு நடந்து தீர்த்தவள் நான் என்பதை அவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் பாவம், சுற்றிப் பார்க்க வந்ததுகளுக்கு அந்த நாளே கெட்டுப்போகும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் நமுனுகுலை மலைக்கு இந்தப் பக்கம், ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீட்டு வரிசையில் இருந்தேன். என்னைக் கட்டியவன் கொழுந்து லொறி ஓட்டினான். அடித்தான் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. முதல் வருஷம் கையால் அடித்தான். அடுத்த வருஷம் இடுப்புப் பட்டி. அதற்குப் பிறகு கையில் எது அகப்பட்டதோ அது. ஒருமுறை லொறி டயர் கழற்றுகிற கம்பியால் முழங்காலில் போட்டான். அந்தக் கால் இன்றைக்கும் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்லும். லயத்துக் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் ஒரு சுவர்தான். நான் கத்துவது இருபது குடும்பத்துக்கும் கேட்கும். கேட்டதும் பக்கத்துக் காம்பராவில் டீவியைச் சத்தமாக வைப்பார்கள். அவன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி எனக்கு அந்த டீவிமேல் இருக்கிறது.

அன்று காலை தேத்தண்ணியில் சீனி போதவில்லை. கோப்பை என் காதை ஒட்டிப் பறந்து சுவரில் உடைந்தது. நான் வெளியே ஓடப் பார்த்தேன். நிலையைப் பிடித்திருந்த என் இடது கைமேல் கதவை அறைந்தான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை உள்ளே எதுவோ சுள்ளி ஒடிகிற மாதிரி முறிந்தது எனக்கே கேட்டது. அவன் அதைப் பார்த்து நிதானமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"சாயந்தரம் வந்து மிச்சத்த முடிக்கிறேன்" என்றான்.

அவன் சொன்னால் செய்வான். லொறிச் சத்தம் வளைவில் மறைந்ததும், இன்று போகாவிட்டால் இனி போகவே முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் என் தங்கை வேலை செய்தாள், கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தாள். அவளிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.

ரோட்டால் போக முடியாது. ரோட்டு முழுக்க அவனுடையது. பஸ் ஓட்டுகிறவன் அவன் கூட்டாளி, ஆட்டோக்காரர்கள் எல்லாம் மச்சான் மாப்பிள்ளைகள், ஒவ்வொரு வளைவிலும் அவன் லொறி எதிரே வரும். ஆனால் தேயிலைக்குள் அவன் கால் வைத்ததில்லை. பன்னிரண்டு வயதில் லொறியில் ஏறியவன், அதற்கப்புறம் தரையில் நடந்தது லொறிக்கும் சாராயக் கடைக்கும் நடுவில்தான். அதனால் மலைக்கு மேலே ஏறி மறுபுறம் இறங்குவது என்று முடிவெடுத்தேன். அந்தப் பக்கம் பசறை ரோட்டுக்கு இறங்கிவிட்டால் பதுளைக்கு பஸ் இருக்கிறது.

முறிந்த கையைத் துவாயால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குறுக்கில் ஏறினேன். முதலில் வந்தது கவ்வாத்து மலை, அதாவது செடிகளை இடுப்புக்குக் கீழே கத்தியால் சீவி விட்டிருந்த இடம். சீவிய கிளை ஒவ்வொன்றும் கூராக மேலே பார்த்து நிற்கும். ஓடி நுழைந்ததில் இரண்டு காலும் கிழிந்து இரத்தம் செருப்புக்குள் இறங்கி வழுக்கியது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். தேயிலை முடிந்ததும் ஆள் உயர மானாப்புல். அது கத்தியை விட மோசம், முகத்திலேயே கீறும். கண்ணை மூடிக்கொண்டு தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு போனேன். அதற்கு மேலே காடு, அட்டை. குனிந்து பார்த்தபோது பாதத்தில் கறுப்பாக ஒரு கொத்துத் தொங்கியது. இருக்கிற இரத்தத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

மேட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. இரண்டு கையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். எனக்கு இருந்தது ஒரு கை. பாதியில் கால் சறுக்கி, கட்டியிருந்த கைமேலேயே விழுந்தேன். கொஞ்ச நேரம் உலகமே வெள்ளையாகத் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து வாய்விட்டு அவனைத் திட்டினேன். அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டினேன். திட்டத் திட்டத் தெம்பு வந்தது. இரண்டாம் முறை முழங்காலால் உந்திப் பாறையைத் தாண்டிவிட்டேன்.

எனக்குத் தெரியாமல் அதற்குள் வேறு ஒன்று நடந்திருந்தது. நான் குறுக்கில் ஏறுவதைப் பக்கத்துக் காம்பராக்காரி பார்த்து, தன் புருஷனிடம் சொல்ல, அவன் போனில் என்னைக் கட்டியவனுக்குச் சொல்லிவிட்டான். என் அலறலுக்கு அசையாத வாய், நான் தப்பிப் போனதும் எவ்வளவு வேகமாகத் திறந்திருக்கிறது பாருங்கள். லொறியை அப்படியே விட்டுவிட்டு ஒருவனுடைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு, நான் மலையைத் தாண்டும் நேரத்துக்குள் அவன் ரோட்டால் சுற்றி மறுபுறம் வந்துவிட்டான். குறுக்கு எங்கே முடியும் என்று அவனுக்குத் தெரியும். எந்தத் தோட்டமாக இருந்தாலும் குறுக்கு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் போய்த்தான் முட்டும். லொறிக்காரனுக்குத் தெரியாத மடுவமா?

மறுபுறத் தேயிலைக்குள் பாதி இறங்கியிருந்தேன். பணிய இருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து நீலச் சட்டை ஒன்று வெளியே வந்தது. அந்தச் சட்டையைக் காலையில்தான் அவன் நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

பக்கத்திலிருந்த கானுக்குள் அப்படியே குப்புறப் படுத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நான் இந்த வரிசைகளுக்குள்தான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். முதலில் கொஞ்சுகிற குரலில், அப்புறம் வழக்கமான குரலில். கண்டுபிடித்ததும் என்னென்ன செய்வான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஏறினான். கடைசியாகச் சொன்னது, மற்றக் கையும் இருக்கிறது என்பது. எனக்கு மூத்திரம் போய்விட்டது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அவ்வளவு பயம்.

செடிகளுக்கு இடையில் ஒரு கண்ணுக்கு மட்டும் சந்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒரு தடி வேண்டியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தான். வரிசை நடுவில் ஒரு செடிக்குப் பக்கத்தில் நல்ல நீளமான கம்பு ஒன்று குத்தி நிறுத்தியிருந்தது. அதன் நுனியில் பழைய படங்கிலிருந்து கிழித்த ஒரு துண்டு கட்டியிருந்தது. படங்கு என்பது கொழுந்து கிள்ளுகிறவர்கள் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த சீலை. அந்தக் கம்பு எதற்கு என்று தேயிலைக்குள் ஒரு கிழமை வேலை செய்தவளுக்கும் தெரியும். குளவிக் கூட்டைக் கண்டவள் அப்படிக் கம்பு நட்டுப் படங்குத் துண்டு கட்டிவிடுவாள். அந்தச் செடிக்கு இரண்டு பக்கமும் ஐந்து வரிசைக்கு யாரும் போகமாட்டார்கள்.

அவன் அந்தக் கம்பைப் பிடுங்கினான். பாரம் சரியாக இருக்கிறதா என்று கையில் தூக்கிப் பார்த்தான். தொங்கிய துணியை உருவி எறிந்தான். பிறகு பக்கத்திலிருந்த செடியிலேயே என்னைத் தேடி ஓங்கி அடித்தான்.

எங்கள் மலையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. குளவி கலைந்ததை யார் முதலில் பார்க்கிறாளோ அவள் சத்தம் கொடுக்க வேண்டும். எதிரில் நிற்பவள் பேச்சு வார்த்தை இல்லாத சண்டைக்காரியாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். சத்தம் கேட்டவர்கள் ஓடக் கூடாது. தேயிலைக்கு அடியில் நுழைந்து, முகத்தை மண்ணோடு சேர்த்து, படங்கை உருவித் தலையை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். பார்த்தும் சத்தம் கொடுக்காதவளை அதற்குப் பிறகு யாரும் தன் வரிசைக்குப் பக்கத்தில் சேர்க்கமாட்டார்கள்.

இரண்டாவது அடி விழுந்ததும் செடிக்கு அடியிலிருந்து புகை மாதிரி எழும்பியது. அவன் இன்னும் பார்க்கவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் இருபது அடி இருக்கும். அவனுக்குப் பின்னால் மூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது, அதற்குள் எதுவும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு கிடந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் பொய். எட்டு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம், தானாக வாயைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"குளவி! பணிய பாயுது! படுத்துக்கங்க!"

மூட்டத்துக்குள்ளிருந்து ஏழெட்டுப் பெண் குரல்கள் அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வரிசைக்குக் கடத்தின. கொழுந்து கிள்ளும் பெண்கள் அங்கே நின்றார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவன் படுக்கவில்லை. என் குரல் வந்த பக்கம் திரும்பி, என்னைப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். தலையைச் சுற்றிக் குளவி மொய்க்கிறது, அப்போதும் அவனுக்கு நான்தான் முக்கியம். மூன்றாவது எட்டு வைக்கும்போது முகம் தெரியவில்லை. கம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தில் அறைந்துகொண்டான். என்னை அறைந்த அதே கைகள். பிறகு ஓடினான். பணிய பார்த்து ஓடியவன் கான் குறுக்கிட்டதை அறியாமல் தலைகீழாக அதற்குள் விழுந்தான். அப்புறம் அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. நான் முகத்தைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டேன். என் பிடரியில் நான்கு கொட்டு விழுந்தது. நெருப்புக் குச்சியை அணைத்து அணைத்து வைக்கிற மாதிரி இருந்தது.

சத்தம் ஓய்ந்ததும் அந்தப் பெண்கள் மானாப்புல்லைக் கட்டிக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்து அவனை இழுத்தார்கள். முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. என்னையும் தூக்கிவிட்டு, யாரென்று கேட்டார்கள். பெண்சாதி என்றேன், வேறு என்ன சொல்வது? மடுவத்தில் நின்ற கொழுந்து லொறியில் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் நல்ல மனதோடு அவன் தலையை எடுத்து என் மடியில் வைத்தார்கள். பதுளைக்கு நான் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். வழியெல்லாம், இவன் செத்துத் தொலையட்டும் என்று நினைத்தேன். செத்தால் நான்தான் கொன்றேன் என்பார்கள், செத்துவிடக் கூடாது என்றும் நினைத்தேன்.

அவன் சாகவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். எனக்குக் கையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நான் தங்கையின் அறைக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் அடுத்த அடி விழுந்தது. இது வேறு மாதிரி அடி. கதை எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கோபித்துக்கொண்டு போன பெண், புருஷனுக்கு ஆபத்து என்றதும் தன் உயிரைப் பார்க்காமல் சத்தம் கொடுத்துக் காப்பாற்றினாள் என்று லயம் லயமாகப் பேசினார்கள். தோட்டத் தலைவர் வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என் அம்மாவே வந்து, இவ்வளவு பாசத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஏன் வீம்பு பிடிக்கிறாய் என்று கேட்டாள். கதவில் நசுங்கிய கையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆறாம் நாள் அவனுக்குத் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், கூடவே நானும் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து, புதுச் சீலையும் வாங்கிவிட்டார்கள்.

அன்று வார்ட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு ஒரு பக்கம் அத்தை, அவனைப் பெற்றவள், உட்கார்ந்திருந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் என்னோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். அவனுக்கு ஒரு கண் திறந்திருந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ சத்தம் குடுக்காட்டி நான் செத்துருப்பேன்" என்றான். இனி ஒரு அடி உன்மேல் விழாது என்று தாய்மேல் சத்தியம் செய்தான். அந்தத் திறந்த கண்ணில் தண்ணீர் வந்தது.

எனக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகியது. அதைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான கதையாக இருக்காது. ஏழு வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பேசிக்கொண்டே என் கையைப் பிடித்தான். பிடித்தது மாவுக்கட்டுப் போட்ட கையை. நான் பதில் சொல்லத் தாமதிக்கத் தாமதிக்க, கட்டுக்கு வெளியே தெரிந்த என் விரல்களை அவன் பிடி இறுக்கிக்கொண்டே வந்தது. கண்ணில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"அது ஒங்களுக்குக் குடுத்த சத்தம் இல்ல. பணிய பொம்பளைங்க நின்னாங்க. அவங்களுக்குக் குடுத்தேன்" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பிடி விடவில்லை. அத்தைதான் கேட்டாள், மெதுவாக.

"அவங்க இல்லாட்டி?"

"வாய மூடிக்கிட்டுப் படுத்துக் கெடந்துருப்பேன்."

அவன் மற்றக் கையை ஓங்கினான். சேலைன் குழாய் இழுபட்டுக் கம்பி ஆடியது, ஊசி பிடுங்கிக்கொண்டு கட்டிலின் வெள்ளை விரிப்பில் இரத்தம் தெறித்தது. ஆஸ்பத்திரி நடுவில், இருபது பேர் பார்க்க, ஒரு கண்ணோடு, அப்போதும் ஓங்கினான். அடி என்மேல் விழவில்லை. அத்தை எழுந்து அந்தக் கையைக் கட்டிலோடு அமுக்கினாள். பிறகு என் கையைப் பிடித்திருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரல் வரவில்லை, மடக்கி நெரித்து எடுத்தாள்.

"இனி இவன் ஒன் கையால ஒரு வாய்ச் சோறு நம்பித் திங்க மாட்டான். பயந்துகிட்டே இருப்பான். பயந்தவன் கொன்னுருவான்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "நீ போ புள்ள" என்றாள்.

போய்விட்டேன். புதுச் சீலையைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு, படி இறங்கி, பஸ் நிலையத்தைத் தாண்டி தங்கையின் கடைக்கு நடந்தேன். கூப்பிட ஒருவரும் வரவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. புருஷன் சாவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன் என்று சொன்னவளை யார் வீட்டில் சேர்ப்பார்கள்? என் அம்மா சாகும்வரை என்னோடு பேசவில்லை.

பெண்கள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது. மூட்டத்துக்கு வெளியே நின்றவன் அவன் ஒருவன்தான், அவனுக்குத்தான் கத்தினேன். இதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.